தெர்மாக்கோலின் பங்காளி புரதம் படித்த கதை

? பருப்பில் புரதம் இருக்கிறது, சரி. அந்தப் புரதத்துக்குள் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று எப்படி ஐயா தெரியும்? உள்ளே போய்ப் பார்த்தது யார்? (பெருந்துறை வாசகர்)

உள்ளே யாரும் போகவில்லை. எல்லாவற்றையும் வெளியே வரவழைத்தார்கள்.

புரதத்தை 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, காற்றை அகற்றி, கண்ணாடிக் குழாயை மூடி, 110 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் வைப்பார்கள். சங்கிலி அறுந்து அமினோ அமிலங்கள் உதிரி உதிரியாகிவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பதினேழு பதினெட்டு வகை, எல்லாம் நிறமற்றவை, எல்லாம் ஒரே கரைசலில். எண்ண வேண்டுமானால் முதலில் பிரிக்க வேண்டும்.

நுண்ணிய மணிகள் அடைத்த ஒரு குழாயின் தலைப்பில் இந்தக் கலவையைக் கொஞ்சம் விட்டு, அதன்மேல் பஃபர் கரைசலைத் தொடர்ந்து ஓடவிடுவார்கள். மணியிடம் ஈர்ப்பு குறைந்தது முந்தி வெளியே வரும். ஈர்ப்பு கூடியது பிந்தும். இதுதான் திரவ குரோமட்டோகிராபி. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்கிறோமே, அந்தக் குறைநிறையை இவ்வளவு கிராம் என்று எண்ணிச் சொல்ல வைத்தது இப்படிப்பட்ட குழாய்கள்.

? அந்த மணி எதனால் ஆனது? தங்கமா, வைரமா? (கடலூர் பள்ளி மாணவர்)

பிளாஸ்டிக், தம்பி. டிவி வாங்கும்போது பெட்டிக்குள் வெள்ளையாக தெர்மாக்கோல் வருகிறதல்லவா? அது ஊதிப் பெருக்கிய பாலிஸ்டைரீன். அதே பாலிஸ்டைரீனை டைவினைல்பென்சீன் என்ற பொருளால் குறுக்கே பிணைத்து, ஊதாமல் சிறு சிறு உருண்டைகளாக்கி, அதன்மேல் சல்போனிக் அமிலத் தொகுதிகளை ஏற்றினால் அமினோ அமிலம் பிரிக்கும் ரெசின் தயார்.

உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் 'வாட்டர் சாஃப்ட்னர்' தொட்டி பார்த்திருப்பாய். அதற்குள் கிடக்கும் தேன் நிற மணிகளும் வேதியியல்படி இதே பொருள்தான். அங்கே அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. ஆய்வகத்தில் அமினோ அமிலங்களை மாற்றி மாற்றிப் பிடித்து விடுகிறது. வீட்டு மணி மில்லிமீட்டர் கணக்கு. ஆய்வக மணி மைக்ரான் கணக்கு. மணி எவ்வளவு சிறியதோ, எவ்வளவு ஒரே அளவானதோ, பிரிப்பு அவ்வளவு கூர்மை.

? இதைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரே பெயர் சொல்லுங்கள். (மதுரை)

ஒரே பெயர் சொன்னால் அது பொய்யாகிவிடும். மிகயில் த்ஸ்வெட் என்ற தாவரவியலாளர் வார்சாவில் இருந்தபோது, 1903-இல் தொடங்கி, இலையின் நிறமிகளைச் சுண்ணாம்புப் பொடி அடைத்த குழாயில் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டினார். பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த பெரிய அடி 1941-இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழிலுக்கான ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிங் இருவருக்கும் கம்பளிப் புரதத்தில் என்னென்ன அமினோ அமிலங்கள் என்று தெரிந்தாக வேண்டும். நீர் ஊறிய சிலிக்கா ஜெல்லைக் குழாயில் அடைத்து, மேலே குளோரோஃபார்மை ஓடவிட்டார்கள். அந்த ஆண்டுக் கட்டுரையிலேயே, மிக நுண்ணிய துகளும் அதிக அழுத்தமும் இருந்தால் பிரிப்பு மிகச் சிறக்கும் என்று எழுதிவைத்தார்கள். இன்றைய எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ குரோமட்டோகிராபி) இயந்திரத்தின் சாரம் அந்த வரிதான். உலகம் அதைச் செய்துபார்க்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. 1952-இல் இருவருக்கும் நோபல்.

பாலிமரை வைத்து அமினோ அமிலத்தை முழுமையாகக் கணக்கெடுத்தவர்கள் வில்லியம் ஸ்டைன், ஸ்டான்ஃபோர்ட் மூர். அவர்களைப் பற்றி அடுத்த கேள்வியில்.

? ஸ்டைன், மூர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. அப்படி என்ன செய்துவிட்டார்கள்? (எம்.எஸ்சி. மாணவி, திருச்சி)

அந்த ஒரு வரி எனக்கும் வருத்தம்தான் அம்மா. ஓர் அத்தியாயத்துக்குத் தகுந்தவர்கள்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையம். 1940-களின் கடைசியில் உருளைக்கிழங்கு மாவுச்சத்தைக் குழாயில் அடைத்து அமினோ அமிலங்களைப் பிரித்தார்கள். நன்றாகவே பிரிந்தது. ஆனால் ஒரு புரதத்தை முடிக்க வாரக்கணக்கு. குழாயிலிருந்து சொட்டும் திரவத்தைச் சொட்டு எண்ணிச் சோதனைக் குழாய்களில் தானாக நிரப்பும் கருவியைச் செய்துகொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு சோதனைக் குழாயிலும் நின்ஹைட்ரின் விட்டு, சூடாக்கி, வந்த ஊதா நிறத்தின் அடர்வை அளந்து, புள்ளி புள்ளியாக வரைபடம் போட்டார்கள்.

1951-இல் மாவுச்சத்தை விட்டு, டோவெக்ஸ் 50 என்ற சல்போனேற்றிய பாலிஸ்டைரீன் ரெசினுக்கு மாறினார்கள். மாவுச்சத்து ரத்தம், சிறுநீர் போன்ற உப்புள்ள மாதிரிகளைத் தாங்காது, பிளாஸ்டிக் தாங்கியது. கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் முடிந்தது. 1958-இல் டாரல் ஸ்பேக்மனோடு சேர்ந்து முழுவதையும் தானியங்கி ஆக்கினார்கள். அமில, நடுநிலை அமினோ அமிலங்களுக்கு 150 செ.மீ. குழாய், காரத் தன்மை கொண்ட லைசின், ஹிஸ்டிடின், அர்ஜினினுக்கு 15 செ.மீ. குழாய். வெளிவரும் திரவத்தோடு நின்ஹைட்ரின் வழியிலேயே கலக்கும், வெந்நீர்ச் சுருளில் நிறமேறும், காகிதச் சுருளில் பேனா தானே முகடுகளை வரையும். ஒரு நாளில் ஒரு புரதத்தின் முழுக் கணக்கு.

இந்தக் குழாய்களை நம்பித்தான் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் 124 அமினோ அமிலங்களையும் வரிசையாகப் படித்தார்கள். அமினோ அமில வரிசை முழுமையாகத் தெரிந்த முதல் நொதி அதுவே. ஆர்மர் என்ற அமெரிக்க இறைச்சி நிறுவனம் மாட்டுக் கணையத்திலிருந்து அதை ஒரு கிலோ அளவில் சுத்தம்செய்து விஞ்ஞானிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. அந்தப் புரதமே பலர் மேசைக்கும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1972-இல் ஸ்டைனுக்கும் மூருக்கும் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சனோடு நோபல் கிடைத்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, நரம்புகளைத் தாக்கும் நோய் ஸ்டைனின் கைகால்களைச் செயலிழக்கச் செய்திருந்தது. 1980-இல் இறக்கும்வரை அறிவியல் பேச்சை அவர் விடவில்லை.

? நின்ஹைட்ரினா? அது போலீஸ்காரர்கள் கைரேகை எடுப்பது அல்லவா? (ஓய்வு பெற்ற தலைமைக் காவலர், வேலூர்)

அதேதான் ஐயா. காகிதத்தைத் தொட்ட விரலின் வியர்வையில் அமினோ அமிலம் இருக்கிறது. 1910-இல் கேம்பிரிட்ஜில் ரூஹெமன் என்ற வேதியியலாளர் இந்த ஊதா வினையைக் கண்டார். கைரேகைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று ஸ்வீடன்காரர்கள் சொன்னது 1954-இல். ஆய்வகத்துக்கு ஒரு கூடுதல் செய்தி: புரோலின் மட்டும் ஊதாவாகாமல் மஞ்சளாகும். அதனால் இயந்திரம் 570 நானோமீட்டரில் ஒரு கண்ணும் 440-இல் ஒரு கண்ணும் வைத்திருக்கும்.

? எந்த அமினோ அமிலம் முதலில் வரும், எது கடைசியில்? மனப்பாடம் செய்ய வேண்டுமா? (பி.எஸ்சி. மாணவர், நாகர்கோவில்)

வேண்டாம். காரணம் தெரிந்தால் வரிசை தானே வரும்.

ரெசினில் எதிர்மின் சுமை. பஃபர் pH சுமார் 3-இல் தொடங்கும். அந்த அமிலத்தில் அமினோ அமிலங்கள் நேர்மின் பக்கம் சாய்ந்திருக்கும். அஸ்பார்டிக் அமிலத்துக்குக் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதி இருப்பதால் அதன் நேர்மின் பிடிப்பு பலவீனம், முதலில் ஓடிவரும். லைசினுக்கும் அர்ஜினினுக்கும் கூடுதல் நேர்மின் சுமை; கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். pH-ஐயும் உப்பின் செறிவையும் படிப்படியாக ஏற்றினால்தான் இறங்கும்.

இப்போது கவனியுங்கள். கிளைசின், அலனின், வாலின், லூசின், ஃபினைல்அலனின். ஐந்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சுமை. சுமை மட்டுமே கணக்கென்றால் ஐந்தும் ஒன்றாக வந்து விழ வேண்டும். விழுவதில்லை. நான் எழுதிய வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஏன்? பாலிஸ்டைரீன் முதுகெலும்பே வேலை செய்கிறது! அதிலுள்ள பென்சீன் வளையங்கள் நீரை விரும்பாத பக்கத்தொகுதிகளை ஈர்க்கின்றன. எண்ணெய்த் தன்மை கூடக் கூடத் தாமதம் கூடும். சல்போனிக் தொகுதியைச் சுமக்க ஒரு தாங்கி வேண்டுமே என்று வந்த பிளாஸ்டிக், தானே பாதிப் பிரிப்பைச் செய்தது. பாலிமர் குரோமட்டோகிராபியில் எனக்கு மிகப் பிடித்த உண்மை இது. வகுப்பில் பெரும்பாலும் 'அயனிப் பரிமாற்றம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் மாணவர்கள் வரிசையை மனப்பாடம் செய்கிறார்கள்.

? டோவெக்ஸ் 50-க்குப் பின்னால் X2, X4, X8 என்று போட்டிருக்கிறதே? (அதே மாணவர்)

குறுக்குப் பிணைப்பின் சதவீதம். X8 என்றால் 8 சதவீத டைவினைல்பென்சீன். பிணைப்பு கூடினால் மணி இறுகும். அழுத்தம் தாங்கும், ஆனால் பெரிய மூலக்கூறு உள்ளே நுழைய முடியாது. குறைந்தால் மணி உப்பும். பெரியது நுழையும், ஆனால் மணி நசுங்கும். தனி அமினோ அமிலத்துக்கு X8, X4. ரைபோநியூக்ளியேசை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டி வந்த பெப்டைடு துண்டுகளுக்கு X2. இறுக்கத்துக்கும் இளக்கத்துக்கும் இடையே இடம் தேடுவதுதான் இந்தத் துறையின் பாதி வரலாறு.

? பெரிய மூலக்கூறு மெதுவாகத்தானே நகரும்? ஜெல் வடிப்பில் பெரியது முதலில் வருகிறது என்கிறார்களே, அச்சுப் பிழையா? (தஞ்சாவூர்)

பிழை இல்லை. தேரோட்டத்தன்று கடைத்தெருவைப் பாருங்கள். சிறுவர்கள் ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழைந்து நுழைந்து வருவார்கள். தேர் எந்தக் கடைக்குள்ளும் நுழைய முடியாது, நேரே நிலைக்கு வந்துவிடும். ஜெல் மணியின் துளைகள்தான் கடைகள்.

1959-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஜெர்கர் போராத்தும் பெர் ஃப்ளோடினும் இதை வெளியிட்டார்கள். டெக்ஸ்ட்ரான் என்ற பாக்டீரியா தரும் சர்க்கரைப் பாலிமரைக் குறுக்கே பிணைத்தது அந்த ஜெல். செஃபடெக்ஸ் என்ற பெயரில் அதே ஆண்டு சந்தைக்கு வந்தது. இதில் மூலக்கூறு எதனுடனும் ஒட்ட வேண்டியதில்லை. மென்மையான புரதம் சேதமாகாமல் வெளிவரும். உப்பை நீக்கவும், பெப்டைடை அளவுவாரியாகப் பிரிக்கவும் இன்றும் முதலில் கை போவது இந்தப் பக்கம்தான்.

? எங்கள் கம்பெனியில் எல்லாம் சிலிக்கா சி-18 தான். பாலிமர் எதற்கு? (மருந்து நிறுவன ஊழியர், ஓசூர்)

சி-18 என்பது பதினெட்டுக் கார்பன் சங்கிலி ஏற்றிய சிலிக்கா மணி. அதைக் குறை சொல்ல மாட்டேன். சிறு பெப்டைடுகளைக் கூர்மையான முகடுகளாகப் பிரிப்பதில் இன்றும் அதுதான் முன்னணி. பாலிமரின் நுண்துளைகளில் சிறு மூலக்கூறுகள் போய் மாட்டிக்கொண்டு முகடு அகன்றுவிடுவது உண்டு. கரைப்பானை மாற்றினால் மணி உப்பிச் சுருங்குவதும் உண்டு.

ஆனால் சிலிக்காவுக்கு இரண்டு பலவீனம். pH 8-ஐத் தாண்டினால் மெல்லக் கரையத் தொடங்கும். அதன் மேற்பரப்பில் மூடப்படாமல் எஞ்சிய சிலனால் தொகுதிகள் காரத்தன்மையுள்ள பெப்டைடுகளை இழுத்துப் பிடிக்கும். முகடுக்கு வால் முளைக்கும். பாலிஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் pH 1 முதல் 14 வரை அசையாது. மருந்துத் தரத்தில் பெப்டைடு தயாரிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவி, ஒட்டிய புரதக் கசடையும் பாக்டீரிய நச்சையும் அகற்ற முடிவது பெரிய விஷயம். உங்கள் கம்பெனியில் முகடுக்கு வால் முளைத்தால், பஃபரில் வேறு உப்பைச் சேர்த்துப் பார்க்கும் முன் ஒரு பாலிமர் குழாயைப் போட்டுப் பாருங்கள்.

? மணியே இல்லாமல் பிரிக்க முடியாதா? (சேலம்)

முடியும். 1992-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரான்டிஷெக் ஸ்வெட்சும் ஜான் ஃப்ரேஷேயும் திரவக் கலவையைக் குழாய்க்குள் ஊற்றிச் சூடாக்கி, துளைகள் நிறைந்த ஒரே பாலிமர் தண்டாக உறையவைத்தார்கள். பெயர் மோனோலித். துளைகளின் ஊடாகவே திரவம் பாய்வதால் பெரிய புரதங்கள் மிக வேகமாகப் பிரியும்.

? அமினோ அமிலத்தில் கண்ணாடிப் பிம்பம்போல இடக்கை, வலக்கை உண்டாமே. எடை ஒன்று, சுமை ஒன்று, எண்ணெய்த் தன்மை ஒன்று. பிளாஸ்டிக் எப்படி அடையாளம் காணும்? (ஆசிரியை, காரைக்குடி)

அருமையான கேள்வி டீச்சர். வெறும் பிளாஸ்டிக்கால் முடியாது. பிளாஸ்டிக்குக்கே ஒரு கை கொடுக்க வேண்டும்.

மாஸ்கோவில் வாடிம் தவன்கோவ் அதைத்தான் செய்தார். பாலிஸ்டைரீன் மணியில் எல்-புரோலினை, அதாவது இடக்கைப் புரோலினை, கட்டினார். தாமிர அயனிகளை ஏற்றினார். தாமிரம் ஒரு பக்கம் மணியிலுள்ள புரோலினையும் மறுபக்கம் ஓடிவரும் அமினோ அமிலத்தையும் பிடித்துக்கொள்ளும். இடக்கை வந்து சேரும்போதும் வலக்கை வந்து சேரும்போதும் அந்தக் கூட்டின் உறுதி வேறு. ஒன்று பின்தங்கும். 1970-களின் தொடக்கத்தில் இடவல புரோலின் கலவையை முழுமையாக இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

இதனால் என்ன பயன் என்று வகுப்பில் கேட்பார்கள். விண்கல்லைச் சொல்லுங்கள். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அயனிப் பரிமாற்றக் குழாய் அதில் அமினோ அமிலங்களைக் காட்டியது; வாயு குரோமட்டோகிராபி இடமும் வலமும் ஏறத்தாழ சமம் என்று காட்டியது. பூமியின் உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கையில் மட்டுமே. ஆக, அவை எடுத்தவர் கையிலிருந்து ஒட்டியவை அல்ல. பென்னு சிறுகோளிலிருந்து 2023-இல் கொண்டுவந்த மண்ணிலும் புரதத்துக்குரிய 20-இல் 14 அமினோ அமிலங்கள், இடமும் வலமும் ஏறத்தாழ சமமாக, இருந்தன என்று 2025-இல் அறிவித்தார்கள். பிரிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அந்த மண்ணைப் பார்த்து 'ஏதோ கரிமப்பொருள்' என்பதோடு நிறுத்தியிருப்போம்.

? மூலக்கூறை எடை போடும் நிறைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) வந்துவிட்டதே. இன்னும் குழாயைக் கட்டி அழுவானேன்? (கோயம்புத்தூர் வாசகர்)

லூசினையும் ஐசோலூசினையும் நிறைமானியில் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே நிறை.

இதில் ஓர் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் அரிய பிறவி நோய். லூசின், ஐசோலூசின், வாலின் மூன்றும் உடைபடாமல் ரத்தத்தில் தேங்கும்; தாமதித்தால் மூளையைக் கெடுக்கும். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத் துளியை நிறைமானி சோதிக்கும்போது லூசின் வகைகள் எல்லாம் ஒரே கூட்டுத் தொகையாகத் தெரியும். நோயை உறுதிசெய்யும் அல்லோஐசோலூசினுக்கும் அதே நிறை. அதைத் தனியே எடுத்துக் காட்டுவது குழாய். நிறைமானி சந்தேகத்தை எழுப்புகிறது, குழாய் தீர்த்துவைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் குழந்தைக்கு மருத்துவம்.

? ரத்தத்துக்கு லித்தியம் பஃபர், உணவுக்கு சோடியம் பஃபர். ஏன் இந்த வேறுபாடு? (லேப் டெக்னீஷியன், திருநெல்வேலி)

ரத்தத்தில் குளுடமின், அஸ்பராஜின் உட்படப் பல கூடுதல் சேர்மங்கள் உடையாமல் இருக்கும். சோடியத்தில் அவை பக்கத்து முகடுகளோடு கலந்துவிடும், லித்தியத்தில் விலகும். நேரம் அதிகமாகும், பரவாயில்லை.

? பாலில் கலப்படத்தை இதனால் பிடிக்க முடியுமா? (பால் உற்பத்தியாளர், திண்டுக்கல்)

2008-இல் சீனாவில் நடந்ததை நினைவுகூருங்கள். பாலின் புரதத்தை நைட்ரஜன் அளவை வைத்து மதிப்பிடும் வழக்கம் இருந்தது. மெலமின் என்ற வேதிப்பொருளில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் மெலமினைப் போட்டார்கள். சோதனையில் புரதம் நிறைந்த பாலாகத் தெரிந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன. கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணிக் கூட்டினால் அந்த ஏமாற்று நிற்காது. மெலமினைப் போட்டு லைசின் கணக்கைக் கூட்ட முடியாது. ஒவ்வொரு கேனையும் இப்படிச் சோதிப்பது கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். சந்தேகப்பட்ட மாதிரிக்காவது இந்தச் சோதனை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

? சென்னைக்கும் இந்தக் கதைக்கும் ஏதாவது உறவு? (மயிலாப்பூர்)

உண்டு. கொலாஜன் புரதத்தில் அமினோ அமிலங்களை எண்ணியபோது மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்று தெரியவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜனின் மூவிழை அமைப்பை முன்வைத்தபோது, அந்த 'மூன்றில் ஒன்று' அவர்கள் கையிலிருந்த முக்கியமான தடயம். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தால்தான் மூன்று இழைகளும் அவ்வளவு நெருங்கி முறுக்கிக்கொள்ள முடியும். எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம்.

? மெரிஃபீல்டும் இதே மணியைத்தானே பயன்படுத்தினார்? (ஆராய்ச்சி மாணவர், புதுச்சேரி)

ஆமாம்! அதே ராக்ஃபெல்லர் நிலையம், அதே பாலிஸ்டைரீன்-டைவினைல்பென்சீன். ஸ்டைனும் மூரும் சங்கிலியை அறுத்து மணியால் படித்தார்கள். புரூஸ் மெரிஃபீல்ட் 1963-இல் மணியின்மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கட்டி எழுதத் தொடங்கினார். மணி ஓரிடத்தில் நிற்க, வேண்டாததைக் கழுவி ஊற்றினால் போதும். 1969-இல் அவர் குழு அப்படிக் கட்டிய புரதம் எது தெரியுமா? ரைபோநியூக்ளியேஸ். 124 அமினோ அமிலங்கள். 1984-இல் அவருக்கும் நோபல்.

? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? நேரடியாகச் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம், விருதுநகர்)

கிடைக்கும். மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எச்.பி.எல்.சி. ஓடாத நாள் கிடையாது. பெப்டைடு மருந்துகள் பெருகப் பெருகத் தேவையும் கூடும். பட்டன் அழுத்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். முகடு ஏன் அகன்றது, அழுத்தம் ஏன் ஏறியது, நேற்று 12-ஆம் நிமிடம் வந்தது இன்று ஏன் 11-இல் வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறைவான கூட்டத்தில் சேருங்கள். கல்லூரி ஆய்வகத்தில் குழாயை நீங்களே அடைக்கக் கேளுங்கள், அனுமதிக்கும்வரை கேளுங்கள்.

? புரதத்தை உடைத்து ஓட்டிய வரைபடத்தில் லைசினுக்கும் அர்ஜினினுக்கும் நடுவே அம்மோனியா என்று ஒரு முகடு. அது அமினோ அமிலமே இல்லையே? டிரிப்டோஃபானையும் காணவில்லை. (எம்.எஸ்சி. மாணவி, திருச்சி, மீண்டும்)

இரண்டும் அமிலத்தின் வேலை. டிரிப்டோஃபான் சூடான அமிலத்தில் அழிந்துவிடும். அது வேண்டுமானால் இன்னொரு மாதிரியைக் காரத்தில் உடைக்க வேண்டும். அம்மோனியாவில் பெரும்பங்கு, அஸ்பராஜினும் குளுடமினும் அஸ்பார்டிக், குளுடமிக் அமிலங்களாக மாறும்போது விட்டுப்போனது. அதனால் வரைபடத்தில் அஸ்பார்டிக் முகடைப் பார்த்தால் அதில் அஸ்பராஜினும் சேர்ந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.